முதலாமவர்களும் தனித்தவர்களும்: பேராதனையிலிருந்து ஒலுவில் வரை

எமது கல்வி வரலாற்றை எழுதியவர்களுக்கு 'முதல்' என்ற சொல்லில் தீராத ஆசை உண்டு. முதல் முஸ்லிம் பட்டதாரி, முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி, முதல் முஸ்லிம் டொக்டர், முதல் பெண் பட்டதாரி என்று சிறப்பு மலர்களிலும் நினைவுப் பேருரைகளிலும் பட்டியல் நீளும். பட்டியலில் பிழையில்லை. பிந்தி வந்த சமூகம் தன் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது இயல்புதான். ஆனால் அதே பட்டியலை மறுபக்கமிருந்து வாசித்துப் பாருங்கள். ஒருவன் முதல் ஆளாகப் போனான் என்றால், போன இடத்தில் அவனைப்போல் இன்னொருவன் இருக்கவில்லை என்றுதான் அர்த்தம். சந்தேகம் கேட்க ஒரு நாநா இல்லை. பிறை கண்டாச்சு என்று வந்து சொல்ல ஆளில்லை. காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி காய்ச்சித் தர யாருமில்லை. எங்கட உம்மாமார் இதையெல்லாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: "புள்ள அங்க தனிய."

அந்தத் 'தனிய' என்ற சொல்லுக்கு எமது வரலாற்று நூல்களில் இடம் கிடைக்கவில்லை. எத்தனை பேர் போனார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. போனவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது பதிவாகவில்லை. வீட்டைப் பிரிந்து போவதால் வரும் ஏக்கம் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. இரண்டு மாதத்தில் தணிந்துவிடும். இங்கே பேச வந்தது அதையல்ல. இந்த நாடு தன் கோடுகளை மாற்றி வரைந்த ஒவ்வொரு முறையும், மொழியால் ஒரு பக்கமும் அரசியலால் இன்னொரு பக்கமுமாக நின்ற முஸ்லிம் மாணவன் எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். எமது சமூகம் கட்டியெழுப்பிய பல நிறுவனங்கள் கல்வி முன்னேற்றத்தின் பெயரால் நினைக்கப்படுகின்றன. அவற்றில் சில இந்தத் தனிமைக்கு மருந்தாகவே பிறந்தவை என்பது என் எண்ணம்.

அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களிலிருந்து தொடங்குவோம். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய், 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். இந்த வரியோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். 1942இல் அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். வயலும் கடலும் பள்ளிவாசலும் நிறைந்த அந்த ஊர்களில் பல்கலைக்கழக வாசலை மிதித்த பிள்ளைகள் அருமையிலும் அருமை. அங்கிருந்தபோதே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அதன் தொடர்ச்சியாகவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி கொழும்பில் உருவானது. அந்த நிதியை வறுமைக்கான உதவியாக மட்டும் பார்ப்பது போதாது. உதவி பெறும் மாணவனுக்கு எங்கோ ஒரு குழு அவனுடைய பரீட்சை முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு யாரோ சிலர் பொறுப்பு. தனியாகவே படித்து, தனியாகவே உத்தியோகத்தில் ஏறிய ஒருவர் தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் செய்தார். இது தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலையில் தொடங்கியபோது அங்கே இருந்தவர்கள் 904 மாணவர்கள். அவர்களில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. பத்து வருடத்தில், 1952இல், பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் கண்டிப் பக்கம் அமையவேண்டும் என்று 1920களில் நடந்த பெரிய வாதத்தில் முன்னின்று குரல்கொடுத்தவர்களில் ஒருவர் மலாய் முஸ்லிமான நீதியரசர் எம்.ரி. அக்பர். பொறியியல் மாணவர் தங்கும் விடுதிக்கு இன்றும் அவருடைய பெயர்தான். அந்த விடுதிப் பெயருக்குரியவர் யாரென்று கேட்டால் எங்கட பிள்ளைகளிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. அது வேறு கதை.

தங்கிப் படித்தால்தான் மனிதன் முழுமையாவான் என்பது அக்பரினதும், முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸினதும் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் கொழும்பில் வீட்டிலிருந்து போய்வரும் மாணவன் மஃரிபுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். விடுதியில் தங்குபவனுக்கு மஃரிபும் அங்கேதான், சுபஹும் அங்கேதான். சாப்பாட்டு மண்டபத்தில் இறைச்சித் தட்டு வந்தால் கையைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். நோன்பு மாதத்தில் விடுதியின் நேரசூசிக்கும் சஹர் நேரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இவை சின்ன விசயங்கள்தான். ஆனால் ஒருவனைத் தனியனாக்குவது பெரும்பாலும் இப்படியான சின்ன விசயங்களே.

ஆயினும் 1950களின் தனிமை மென்மையானது என்றே சொல்லவேண்டும். ஆங்கிலம் என்ற ஒரு கூரை எல்லோருக்கும் மேலே இருந்தது. சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம் எல்லோரும் பெரும்பாலும் நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். ஒரே கிரிக்கெட், ஒரே பகிடி. அஸீஸ் அதிபராக இருந்த காலத்து (1948–1961) கொழும்பு ஸாஹிராவை எடுத்துக்கொள்ளுங்கள். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கேதான் உயர்வகுப்புப் படித்தார். பேராதனையில் பட்டம் பெற்ற பின் திரும்பி வந்து அங்கேயே படிப்பித்தார். ஒரு முஸ்லிம் கல்லூரி தமிழ் உலகத்துக்கு ஒரு பேராசிரியரைத் தந்தது என்று இன்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அன்று அது பெருமைக்குரிய செய்தியாகக்கூட யாருக்கும் பட்டிருக்காது. அவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு வகைத் தனிமையும் இருந்தது, அது பாடத்திட்டத்துக்குள்ளே. பாணந்துறை ஹேனமுல்லையிலிருந்து வந்த ம.மு. உவைஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது, தமிழ் இலக்கிய வரலாறு என்று கற்பிக்கப்பட்டதில் முஸ்லிம் புலவர்களுக்கு இடம் இல்லாத நிலை. வீட்டிலே உம்மாமார் ராகம் போட்டு ஓதிய சீறாவும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் வகுப்பறைக்கு வெளியேதான் நின்றன. தன் வீட்டுத் தமிழ் தமிழாகவே கணக்கெடுக்கப்படாத வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? அந்த மாணவனை அந்தப் பக்கமே திருப்பிவிட்டவர் ஒரு துறவி: முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 முதல் 1947இல் மறையும்வரை இருந்த காரைதீவு சுவாமி விபுலாநந்தர். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டை ஆராய்ந்து உவைஸ் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1953இல் அந்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலாக வந்தது. பின்னாளில், 1979இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கைக்குப் போனவரும் அவரே. வகுப்பறையில் தனக்கு இடமில்லை என்று கண்ட ஒருவன், அந்த இடத்தையே ஒரு துறையாக்கிவிட்டான். எல்லா மாணவர்களுக்கும் அது வாய்க்காது. விபுலாநந்தர் போன்ற ஆசிரியர் வாய்ப்பதும் அரிது.

*

கோடு முதன்முதலில் பெரிதாக மாறியது 1960இல். கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பாடசாலைகளில் விதைத்தது பதினைந்து வருடம் கழித்துப் பேராதனையில் விளைந்தது. கலைப்பீடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் படித்த மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். கல்முனை, சம்மாந்துறை, காத்தான்குடி, ஏறாவூர், கிண்ணியா, மன்னார் என்று இதற்குமுன் கேள்விப்படாத ஊர்களின் பிள்ளைகள் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். இதைவிடப் பெரிய நன்மை எமது சமூகத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் நடக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கிலக் கூரை கழன்றுவிட்டது. ஒரே விடுதியில், பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கிடையே பேச ஒரு மொழி இல்லை. சிங்கள மாணவனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் மாணவனுக்குச் சிங்களம் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. விரிவுரை இரண்டாகப் பிரிந்தது, சங்கங்கள் பிரிந்தன, பகிடிகூடப் பிரிந்தது. நூலகத்திலோ புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஊரில் முதலாம் பிள்ளையாக, கெட்டிக்காரனாகப் பேரெடுத்தவன் இங்கே ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போராடுகிறான். யாரிடம் போய்ச் சொல்வது? ஊருக்குக் கடிதம் எழுதினால் "நல்ல சுகம், படிப்பும் நல்லாப் போகுது" என்றுதான் எழுதவேண்டும். வாப்பா காணியை ஈடுவைத்து அனுப்பியிருப்பார். அங்கே அழுகையைக் கடிதத்தில் போட முடியுமா?

இதில் முஸ்லிம் மாணவர் ஒரே கூட்டமாகவும் இருக்கவில்லை. இதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம். அக்குறணை, மாவனல்லை, மாத்தறை, காலிப் பிள்ளை வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே சரளமான சிங்களம். அவனுக்கு இரண்டு பக்கத்துக் கதவும் திறக்கும். அதனாலேயே இரண்டு பக்கத்துக்கும் அவன் மொழிபெயர்ப்பாளன். கிழக்கிலிருந்து வந்த பிள்ளைக்கோ சிங்களம் ஒரு சொல் வராது. அவன் தமிழ் மாணவர்களோடு ஒரே வகுப்பு, ஒரே நோட்ஸ், ஒரே குப்பி. (விடுதியில் முந்தின வகுப்பு மாணவன் பிந்தினவனுக்கு இராவிலே பாடம் சொல்லிக்கொடுப்பதைக் 'குப்பி' என்பார்கள். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். எங்கட பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த மிக நல்ல காரியம் அது ஒன்றுதான் என்றுகூடச் சில நேரம் தோன்றும்.) குப்பியில் ஒன்றாக இருந்தவர்கள் மாணவர் தேர்தலிலும் தமிழ்ச் சங்கத்திலும் ஒன்றாக இருந்தார்களா என்பது ஆளுக்கு ஆள், வருடத்துக்கு வருடம் மாறியது. கண்டி முஸ்லிமும் கல்முனை முஸ்லிமும் ஒருவருடைய தமிழை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

இவர்கள் எல்லோரையும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே பாயில் உட்காரவைத்தது முஸ்லிம் மஜ்லிஸ். ஜும்ஆவுக்கு ஏற்பாடு, நோன்பு திறக்கக் கஞ்சி, மீலாத் விழா, ஆண்டு மலர், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வரவேற்பு. மஜ்லிஸ் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கூட்டங்களையும் தீர்மானங்களையும் எழுதுவார்கள். அதன் உண்மையான வேலை கணக்குப் புத்தகத்தில் வராதது. முதல் கிழமையில் ஒரு சிரேஷ்ட மாணவன் வந்து கதவைத் தட்டி "தம்பி எந்த ஊர்? சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில் அது இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவரின் பெயரை நாற்பது வருடம் கழித்தும் சொல்லக்கூடியவர்களை எங்கள் ஊர்களில் இப்போதும் காணலாம். பகிடிவதைக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்தவர்களையும் அதே மஜ்லிஸ் நாநாமார்தான் வெளியே கூட்டிவந்தார்கள். சில பேர் பகலில் பகிடிவதை செய்துவிட்டு இரவில் கஞ்சி கொடுத்தவர்கள் என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வர 1998 ஆகிவிட்டது.

1970கள் இன்னும் சிக்கலானவை. 1971 ஏப்ரல் கிளர்ச்சி பெரும்பாலும் சிங்களக் கிராமத்து இளைஞருடையது. அதில் பல்கலைக்கழக மாணவர் பலர் இறந்தார்கள், சிறை போனார்கள். தமிழ் பேசும் மாணவருக்கு அது பக்கத்து அறையில் நடந்து முடிந்த, புரியாத ஒரு துயரம். ஆனால் அதே காலத்தில் வந்த தரப்படுத்தல் எமது பிள்ளைகளை நேரடியாகவே தொட்டது. 1970/71 அனுமதியில் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் 227 புள்ளி போதும், தமிழ் மொழி மூலம் 250 வேண்டும் என்று வந்தது. தமிழ் மொழி மூலம் எழுதிய முஸ்லிம் மாணவனுக்கும் அதே 250தான். அவனும் அந்த அநீதிக்குள்தான் நின்றான். ஆனால் கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். அமைச்சர் முஸ்லிம் என்பதால், குப்பியில் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன் ஒரு நாள் வேறுமாதிரிப் பார்க்கத் தொடங்கினான். பிறகு 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. அம்பாறை, மன்னார் போன்ற மாவட்டங்களின் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது. அந்த மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் திறந்தது என்பதை இரண்டு பக்கமும் வசதியாக மறந்துவிட்டன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது அடைத்த கதவு. ஒரே விரிவுரை மண்டபத்தில், ஒரே தமிழில் நோட்ஸ் எழுதும் இருவரில் ஒருவன் வந்ததே மற்றவனின் தம்பி வரமுடியாமற் போனதால் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன பேசுவது? தான் கேட்காத சலுகைக்கும் தான் செய்யாத அநீதிக்கும் பதில் சொல்லவேண்டிய இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை நின்றான். எமது தலைவர்கள் மஹ்மூத் அவர்களின் சேவையைப் பேசும்போது அந்தப் பிள்ளையையும் ஒரு நிமிசம் நினைக்கலாம்.

இதே வேளையில் வேறொரு பதிலும் பிறந்தது. 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை அமைத்தார். மார்க்கக் கல்வியோடு வெளிவாரியாகப் பேராதனைப் பட்டத்துக்கும் தோற்றலாம். வளாகத்துக்குப் போகாமலே பட்டம், தனிமையும் இல்லை. அந்த வழியால் வந்த நன்மைகள் பல. பிற சமூகத்து மாணவனோடு ஒரே அறையில் இருந்து சண்டைபிடித்துச் சமாதானமாகும் பயிற்சி மட்டும் அந்த வழியில் இல்லை.

1974 ஒக்டோபரில் பேராசிரியர் க. கைலாசபதி தலைமையில் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கியபோது அங்கே சிங்கள மாணவரும் இருந்தார்கள். 1977 வன்செயலோடு அவர்கள் போய்விட்டார்கள். முஸ்லிம் மாணவர் தங்கினார்கள். சில மைல் சைக்கிள் மிதித்தால் சோனகத்தெரு. அங்கே பள்ளியும் உண்டு, நாக்குக்கு ருசியான சோறும் உண்டு. 1976 முதல் அங்கே விரிவுரையாளராக இருந்தவர் கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான். 1981 மே கடைசி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதைப்பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் அதிகம் நினைவில் நிற்கும் 'புத்தரின் படுகொலை' அவருடையது. அந்த நகரத்தின் துக்கத்தைச் சொந்தத் துக்கமாக எழுதிய கவிஞர் ஒரு கிழக்கு மாகாண முஸ்லிம். ஒன்பது வருடம் கழித்து அவரும் அங்கிருந்து வெளியேறிப் பேராதனைக்கு வரவேண்டியதாயிற்று.

*

1990ஐப் பற்றி எமது சமூகம் நிறைய எழுதியிருக்கிறது, இன்னும் எழுதவேண்டும். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் அவகாசம். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். இந்தக் கணக்குகளுக்கு நடுவே மாணவன் காணாமற் போய்விடுகிறான். வெளியேற்றப்பட்டவர்களோடு பாதிப் பட்டமும் வந்தது. இரண்டாம் வருடம் முடித்தவன், பரீட்சைக்குக் காத்திருந்தவன், நோட்ஸ் கொப்பிகளை விடுதி அறையில் விட்டவன். கிழக்கிலோ ஏறாவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வந்தாறுமூலை. அந்தக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் திரும்பிப் போக எங்கட பிள்ளைகளுக்குக் கால் வரவில்லை.

அதே வந்தாறுமூலை வளாகத்தில் அந்த வருடம் தமிழ் மக்கள் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. முஸ்லிம் மாணவன் திரும்பிப் போகப் பயந்த வளாகமும், தமிழ் இளைஞன் திரும்பி வராமற் போன வளாகமும் ஒன்றே. எமது பக்கத்து வரலாறுகள் முதலாவதை எழுதுகின்றன. அவர்களது பக்கத்து வரலாறுகள் இரண்டாவதை எழுதுகின்றன. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதினால் யாருடைய துயரமும் குறைந்துவிடாது.

வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அனுபவித்தது இதுவரை நான் சொன்ன எல்லாத் தனிமைகளின் கூட்டு. நடு வருடத்தில் வந்து புதிய வகுப்பில் உட்காருகிறான். மொழி தெரியாத ஊர். வீடோ புத்தளத்தில் ஓலைக் கொட்டில்; ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு விலாசம்கூட இல்லை. "எந்த ஊர், தம்பி?" என்று மஜ்லிஸ் நாநா கேட்கும்போது அவன் என்ன சொல்வான்? அந்தக் கேள்வி முதன்முறையாக ஆறுதலாக இல்லாமற் போன காலம் அது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிறப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். 1995 ஒக்டோபர் 23இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் அரசியல் வல்லமை இல்லாமல் இது நடந்திருக்காது. அதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் அரசியல் சாதனை என்று மட்டும் எழுதினால், இடையில் படிப்பை விட்டு ஓடிவந்த அந்தப் பிள்ளைகளின் பங்கு மறைந்துபோகும். படிப்பைத் தொடர இடமின்றி நின்றவர்களின் கோரிக்கைதான் அதன் அத்திவாரம்.

பெண்பிள்ளைகள் விசயத்தில் ஒலுவில் செய்தது பெரிய காரியம். முன்பு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகளைப் பார்த்து, "பேராதனைக்கா? அவ்வளவு தூரம் குமர்ப்புள்ளையத் தனிய எப்படி அனுப்புற?" என்று வாப்பா சொன்னால் அதோடு கதை முடிந்தது. ஒலுவில் என்றால் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு. 'தனிய' என்ற அந்தச் சொல் பல தலைமுறைப் பெண்களின் படிப்பை நிறுத்தியிருக்கிறது. ஆண்பிள்ளை தனிமையை அனுபவித்தான். பெண்பிள்ளைக்குத் தனிமையை அனுபவிக்கும் வாய்ப்புக்கூட மறுக்கப்பட்டது. ஒலுவில் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை போட்டது. தடையை உடைத்ததா என்பது வேறு கேள்வி. கிழக்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ ருகுணுவுக்கோ இடம் கிடைத்த மகளை இன்றும் ஒலுவிலுக்கு மாற்றித்தரச் சொல்லி அலையும் பெற்றோர் இருக்கிறார்கள்.

1990களில் பயந்து கூடியவர்களுக்கு ஒரு கூடு வேண்டியிருந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கூடு கட்டியதால் ஒரு தலைமுறை கிழக்கு முஸ்லிம் மாணவர், தமிழ் மாணவரோடு ஒரே குப்பியில் உட்காராமலேயே பட்டம் பெற்றது. ஒரே தமிழில் படித்த இரண்டு சமூகங்கள் பஸ் பயணத் தூரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்து, ஒன்றையொன்று அறியாமல் உத்தியோகத்துக்குப் போயின. அந்தப் பட்டதாரிகளே பிறகு ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஒரே பிரதேசத்தில் சந்தித்துக்கொண்டார்கள். கச்சேரிகளிலும் வலயக் கல்விக் காரியாலயங்களிலும் இன்று காணும் இறுக்கத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். தனிமனிதனின் தனிமை தீர்ந்தது, சமூகம் தனித்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாட்டின் ஏனைய வளாகங்களில் எங்கட பிள்ளைகள், அதிலும் அபாயா அணிந்த பிள்ளைகள், சந்தேகக் கண்களுக்கு நடுவே நடந்த நாட்களில், அவர்களுக்காகப் பேசக்கூடிய பழைய குப்பி நண்பர்கள் எங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது.

ஒலுவில் இப்போது வேறு இடமாகிவிட்டது. தேசிய அனுமதி முறையில் இடம் கிடைத்த சிங்கள மாணவர் அங்கே பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். அநுராதபுரத்திலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்து இறங்கும் பிள்ளைக்குக் கடைப் பலகை வாசிக்கத் தெரியாது. நோன்பு மாதத்தில் பகல் சோற்றுக்கு எங்கே போவது என்று தெரியாது. சுபஹு பாங்கு ஒலிபெருக்கியில் கேட்டுத் திடுக்கிட்டு எழும்புவான். ஊருக்குப் போன் எடுத்தால் "நல்லாத்தான் இருக்கிறேன், அம்மே" என்பான். 1960இல் பேராதனைக்கு ட்ரங்குப் பெட்டியோடு போன சம்மாந்துறைப் பிள்ளையும் வேறெதையும் எழுதவில்லை. இந்தப் பிள்ளையின் கதவைத் தட்டி ஊரும் பெயரும் கேட்பவர் யார்? ஒலுவில் முஸ்லிம் மஜ்லிஸின் பொறுப்பில் அதுவும் அடங்குமா, அடங்காதா? இதற்குப் பதில் அங்கே படிப்பவர்களிடம்தான் இருக்கிறது.

வரலாற்றுத் துறையினருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 1960களின் முதல் தமிழ்மொழி மூலத் தொகுதியினர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். 1990இல் நடு வருடத்தில் ஓடிவந்தவர்கள் அறுபதை நெருங்கிவிட்டார்கள். அட்டாளைச்சேனையின் முதல் தொகுதிக்கும் ஐம்பதாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் சில அலுமாரிகளில் இன்னும் இருக்கலாம். மணியோடர் துண்டுகள், மஜ்லிஸ் கூட்ட அறிக்கைகள், விடுதி அடையாள அட்டைகள், பழைய ஆண்டு மலர்களும்கூட. வீடு திருத்தும்போதும் மையித்து வீட்டுக்குப் பிறகு அலுமாரி ஒதுக்கும்போதும் இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. கடிதத்தில் "நல்ல சுகம்" என்று எழுதியவர்களிடமே நேரில் போய், அன்று உண்மையில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு எழுதிவைக்க இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன.